டெபியன்ல பொது ஃபோல்டருக்குள்ள உங்க ஃபைலை வைக்க அனுமதி வாங்குறது எப்படி (மலையகத்துல இருந்து செய்றவங்களுக்கு)

லிப்ரேஆபீஸ்ல "கவ்வாத்து"ன்னு அடிச்சா கீழ சிவப்புக் கோடு, "கொந்தரப்பு"க்கும் சிவப்புக் கோடு, "பெரட்டு"க்கும் அதே கதை. நம்ம தோட்டத்துல தினம் புழங்குற சொல்லு எதுவும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சரி நாமளே ஒரு சொல் பட்டியல் போட்டு எல்லா லினக்ஸ்லயும் வர வைப்போம்னு இறங்கினா, பட்டியல் சேர்க்குறது லேசான வேலை, அதை சிஸ்டத்தோட பொது ஃபோல்டருக்குள்ள வைக்க ஒத்துக்க வைக்கிறதுதான் பெரிய வேலைன்னு அப்புறம்தான் தெரியுது. ஹட்டன், பண்டாரவளை, தலவாக்கலைப் பக்கம் இருந்து இந்த மாதிரி ஏதாவது (சொல் பட்டியல், ஃபொன்ட், கீபோர்ட் லேஅவுட்) செய்யப்போறவங்க நாங்க அலைஞ்ச மாதிரி அலையக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

டெபியன்ங்கிற லினக்ஸ் வகையை எடுத்துக்கிட்டதுக்குக் காரணம், அங்க ஒண்ணு உள்ள போனா உபுண்டுவுக்கும் லினக்ஸ் மின்ட்டுக்கும் தானா போய்ச் சேரும். ஃபெடோராவுக்கு முறை வேற, அதுக்கு இது பொருந்தாது. இன்னொண்ணு, பாத்களையும் கட்டளைகளையும் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டைப் பண்ணும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சிக்கோங்க.

1. ஃபைல் எந்த ஃபோல்டருக்குப் போகணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

பேக்கேஜ் (இன்ஸ்டால் பண்ற மாதிரி கட்டின பொட்டலம்) கட்டுறதுக்கு முன்னாடி, பேர் வைக்கிறதுக்கும் முன்னாடி செய்ய வேண்டியது இது. எந்த ஃபைல் எங்க இருக்கணும்னு ஒரு விதி இருக்கு, எஃப்எச்எஸ்னு சொல்வாங்க, 2015ல வந்த 3.0 வெர்ஷனைத்தான் டெபியன் பாலிசி (டெபியனோட விதிப் புத்தகம்) சில விதிவிலக்கோட எடுத்துக்கிட்டிருக்கு. பாலிசியோட ஒன்பதாவது அத்தியாயத்தைத் திறந்து ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க, உங்களை ரிவியூ பண்றவங்க அதைத் தலைகீழா சொல்வாங்க.

சுருக்கமா சொன்னா, எந்த ப்ராசஸர்லயும் மாறாத டேட்டா (சொல் பட்டியல், ஃபொன்ட், படம், ஐகான்) யூஎஸ்ஆர்/ஷேர் கீழ. ப்ராசஸருக்கு ஏத்த மாதிரி மாறுற லைப்ரரி யூஎஸ்ஆர்/லிப் கீழ. அட்மின் கையால மாத்துற செட்டிங் ஈடிசி கீழ. ப்ரோக்ராம் ஓடும்போது எழுதுறது வார்/லிப் கீழ, அழிஞ்சாலும் பரவாயில்லைங்கிற தற்காலிக சாமான் வார்/கேஷ் கீழ.

இங்க ரெண்டு பொறி இருக்கு, ரெண்டுலயும் நெறைய பேர் விழுறாங்க. முதலாவது யூஎஸ்ஆர்/லோக்கல். வீட்டுல நாம கையால ஏதாவது போட்டுப் பழகினது அங்கதான், அதனால பேக்கேஜையும் அங்கயே விட்டுடலாம்னு தோணும். கூடவே கூடாது. அந்த இடம் மெஷினோட சொந்தக்காரருக்கு, பேக்கேஜ் அதுக்குள்ள ஒரு ஃபைல் கூட வைக்கக் கூடாதுன்னு பாலிசி நேரடியா சொல்லுது. ரெண்டாவது, யூஎஸ்ஆர்/ஷேர்ல வெச்ச ஃபைல்லயே ப்ரோக்ராம் திரும்ப எழுதுற மாதிரி செய்றது. யூஸர் புதுசா ஒரு சொல்லைச் சேர்த்தா அதைப் பொதுப் பட்டியல்லயே சேர்த்துடுவோம்னு ஒரு தம்பி ரொம்ப ஆசையா கோட் எழுதி வெச்சிருந்தாரு. யூஎஸ்ஆர் முழுசா ரீட்-ஒன்லியா மவுன்ட் பண்ணினாலும் சிஸ்டம் ஓடணும், அதுதான் விதி, யூஸர் சேர்க்குற சொல் அவங்கவங்க ஹோம் ஃபோல்டருக்குத்தான் போகணும்.

ஸ்கூல் லேப்ல பிள்ளைங்க எல்லாரும் வந்து ஃபைல் போடுற ஒரு பொது ஃபோல்டர் வெச்சிருப்பாங்கல்ல, அதைப் பத்தி இங்க பேசல. அதுக்கு யாரோட அனுமதியும் வேணாம், ஒரு க்ரூப் போட்டு பெர்மிஷன் குடுத்தா முடிஞ்சது.

2. அந்த இடத்துக்கு ஏற்கனவே யார் பொறுப்புன்னு பாருங்க

ஒரு ஃபோல்டரை எத்தனை பேக்கேஜ் வேணும்னாலும் பங்கு போட்டுக்கலாம். ஆனா ஒரு ஃபைல் ஒரு பேக்கேஜுக்கு மட்டும்தான் சொந்தம். ரெண்டு பேக்கேஜ் ஒரே பாத்துல ஒரே பேருல ஃபைல் கொண்டு வந்தா, ரெண்டாவதை இன்ஸ்டால் பண்ணும்போது டிபிகேஜி (பேக்கேஜை இன்ஸ்டால் பண்ற ப்ரோக்ராம்) அப்படியே நின்னுடும், அது சீரியஸ் பக், அந்த நிலைமையில ரிலீஸுக்குள்ள விட மாட்டாங்க. லயத்துல பைப்படி பொது, ஆனா குடம் அவங்கவங்களுது, அந்த மாதிரிதான்.

பார்க்குற வழி: ஆப்ட்-ஃபைல் (எந்த ஃபைல் எந்த பேக்கேஜ்ல இருக்குன்னு தேடுற கருவி) இன்ஸ்டால் பண்ணி, அப்டேட் குடுத்து, நீங்க வைக்கப்போற பாத்தை சர்ச் பண்ணுங்க. அந்த அப்டேட் கொஞ்சம் டேட்டா தின்னும், ரீலோட் போட்டு ஓட்டுறவங்க டெபியனோட பேக்கேஜ் தேடுற பக்கத்துலயே உள்ளடக்கம்னு இருக்கிற பகுதியில தேடிக்கலாம், கொஞ்ச டேட்டாவுல முடிஞ்சிடும்.

இப்போ முக்கியமான விஷயம். நல்லாப் புழங்குற பொது ஃபோல்டர் ஒவ்வொண்ணுக்கும் ஒரு டீமோ ஒரு துணைப் பாலிசியோ இருக்கும். ஃபொன்ட்டுக்கு ஃபொன்ட்ஸ் டீம், பேக்கேஜ் பேரே "ஃபொன்ட்ஸ்" ஹைஃபன்னு ஆரம்பிக்கணும். ஸ்பெல்லிங் அகராதிக்கு டிக்ஷனரிஸ்-காமன்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, அது கூடவே வர்ற பாலிசி ஆவணத்துல ஹன்ஸ்பெல் (ஸ்பெல்லிங் பார்க்குற ப்ரோக்ராம்) அகராதி யூஎஸ்ஆர்/ஷேர்/ஹன்ஸ்பெல் கீழ இருக்கணும், பேக்கேஜ் பேரு ஹன்ஸ்பெல், மொழிக் கோட், நாட்டுக் கோட்னு வரணும், கன்ட்ரோல் ஃபைல்ல (பேக்கேஜ் விவரம் எழுதுற ஃபைல்) ஹன்ஸ்பெல்-டிக்ஷனரின்னு ப்ரொவைட்ஸ் போடணும்னு எல்லாம் இருக்கு. பைத்தான், பெர்ல், ஜாவா எல்லாத்துக்கும் இதே மாதிரி தனித்தனியா உண்டு. பெரிய பாலிசியை மட்டும் படிச்சிட்டு துணைப் பாலிசியைப் படிக்காம வர்றவங்களைத்தான் முதல் மெயில்லயே திருப்பி அனுப்புறாங்க.

ஒருவேளை நம்ம விஷயத்துக்கு ஏற்கனவே ஒரு தமிழ் அகராதி இருந்தா "இதுலயே சேர்க்காம ஏன் தனியா?"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். இலங்கைத் தமிழுக்குன்னு டிஏ_எல்கேன்னு தனி லொக்கேல் (மொழி-நாட்டு அமைப்பு) இருக்கு, இந்தியத் தமிழுக்கு டிஏ_ஐஎன், அதனால தனி அகராதிக்கு இடம் இருக்குன்னு காட்டலாம். ஆனா உங்ககிட்ட இருக்குறது கொஞ்சமே கொஞ்சம் சொல்லுன்னா பழைய அகராதிக்காரங்களுக்கு அனுப்பிச் சேர்த்துக்கச் சொல்றதுதான் சரி, என் அபிப்ராயம் அதுதான். தனிப் பேக்கேஜுன்னா வருஷக்கணக்கா நீங்க பார்த்துக்கணும், கல்யாணம் கட்டி கொழும்புக்குப் போனாலும் வெளிநாட்டுக்குப் போனாலும் பக் மெயில் உங்களுக்குத்தான் வரும்.

3. புதுசா ஒரு பொது ஃபோல்டரே வேணும்னா

பெரும்பாலானவங்களுக்கு இது தேவைப்படாது, தாண்டிப் போகலாம்.

யூஎஸ்ஆர்/ஷேர் கீழ உங்க பேக்கேஜ் பேருலயே ஒரு ஃபோல்டர் வெச்சிக்க யாரையும் கேட்கத் தேவையில்ல. ரூட்டுக்கு நேர் கீழ புது ஃபோல்டர்னா அதை மறந்துடுங்க, எஃப்எச்எஸ்ஸே தடுக்குது. நடுவுல இருக்குற நிலைமைதான் சிக்கல்: நாலஞ்சு பேக்கேஜ் வந்து ஃபைல் போட்டு, வேற நாலஞ்சு ப்ரோக்ராம் வந்து படிக்கிற மாதிரி ஒரு ஃபோல்டர். டெபியன்ல இதுக்குன்னு ஒரு ரிவியூ கமிட்டி உட்கார்ந்து சீல் அடிக்கிறது கிடையாது. டெபியன்-டெவெல் மெயிலிங் லிஸ்ட்ல எழுதி, ஆட்சேபணை வர்றதுக்கெல்லாம் பதில் சொல்லி, ஒத்த கருத்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஆகணும், அதுதான் அனுமதி.

அந்த மெயில்ல என்ன இருக்கணும்? ஃபோல்டரோட முழு பாத், எந்த பேக்கேஜ் அதுக்குப் பொறுப்பு, உள்ள வர்ற ஃபைலோட ஃபார்மட், ஃபைல் பேரு வைக்கிற முறை (ரெண்டு பேக்கேஜ் மோதாம இருக்க), யார் படிக்கிறாங்க, ஃபார்மட் மாறினா படிக்கிற ப்ரோக்ராமுக்கு என்ன நடக்கும். கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம், "இதை மாத்த மாட்டோம்"னு சொல்றீங்களா "எப்ப வேணும்னாலும் மாத்துவோம்"னு சொல்றீங்களா, ரெண்டுல ஒண்ணைத் தெளிவா எழுதுங்க. மழுப்பினா அங்கதான் பிடிப்பாங்க.

ஒத்துக்கிட்டப்புறம் அதை ரீட்மீ ஃபைல்லயாவது துணைப் பாலிசியாவாவது எழுதி வைக்கணும். பாலிசி புத்தகத்துலயே வரணும்னா டெபியன்-பாலிசி பேக்கேஜ் மேல பக் (டெபியனோட பக் பதிவுல ஒரு பதிவு) போட்டு, டெபியன் டெவலப்பர்ஸ் (அப்லோட் உரிமை இருக்குற உறுப்பினர்கள்) வழிமொழியணும். ரெண்டு டீமுக்கு எல்லைச் சண்டை வந்து தீரவே இல்லைன்னா டெக்னிக்கல் கமிட்டிக்குப் போகலாம், கூடினது 8 பேர் இருக்குற குழு, டெபியன் அரசியலமைப்புல அதுக்கு அதிகாரம் இருக்கு. புதுசா வர்றவங்க அந்தப் பக்கமே போக வேணாம்.

4. காகித வேலை: லைசென்ஸ்

இதுலதான் நேரம் போகும், இதுலதான் ரிஜெக்ட் ஆகும். கோட் எவ்வளவு அழகா இருந்தாலும் யாரும் பார்க்கப்போறதில்ல, பார்க்குறது காப்பிரைட் ஃபைலைத்தான்.

உங்க பேக்கேஜ்ல இருக்குற ஒவ்வொரு ஃபைலையும் யார் எழுதினாங்க, எந்த வருஷம், எந்த லைசென்ஸ்னு டெபியன் ஃபோல்டருக்குள்ள காப்பிரைட்ங்கிற ஃபைல்ல எழுதணும். மெஷின் படிக்கிற மாதிரி ஒரு ஃபார்மட் இருக்கு, அதையே பயன்படுத்துங்க. சொல் பட்டியலை நாலு தோட்டத்துல இருந்து பத்து பேர் சேர்ந்து தொகுத்திருந்தா பத்து பேருகிட்டயும் "இந்த லைசென்ஸ்ல வெளியிட எனக்குச் சம்மதம்"னு ஒரு மெயில் வாங்கி வெச்சிக்கோங்க, வாட்ஸ்அப் வாய்ஸ் வேணாம், எழுத்துல வேணும். இதைத் தொகுக்குற அன்னைக்கே வாங்கிடணும், அப்புறம் ஒருத்தர் டுபாய், ஒருத்தர் கட்டார்னு போயிட்டா பிடிக்கிறது பெரிய பாடு.

பொறி எங்கன்னா:

சொல்லை எங்கேருந்து எடுத்தீங்க? பேப்பர்காரங்க இணையதளத்துல இருந்தோ அச்சடிச்ச அகராதியில இருந்தோ அப்படியே அள்ளிப் போட்டிருந்தா அதை டெபியனுக்குக் கொண்டு வராதீங்க. தோட்டத்துல பெரியவங்ககிட்ட கேட்டு நீங்களே எழுதினதுன்னா அதை ரீட்மீல ரெண்டு வரி சொல்லிடுங்க, ரிவியூ பண்றவருக்கு சந்தேகமே வராது.

"வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது"ன்னு இருக்குற க்ரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ் செல்லாது. நம்ம ஆளுங்க இதைத்தான் முதல்ல தேர்வு பண்றாங்க, யாராவது நம்ம உழைப்பை வித்துக் காசாக்கிடுவாங்களோன்னு பயம், அது புரியுது, ஆனா டெபியனோட மெயின் பகுதிக்குள்ள அது வரவே முடியாது. ஜிபிஎல் 3 போடுங்க, இல்ல க்ரியேட்டிவ் காமன்ஸ்ல பகிர்ந்தா அதே லைசென்ஸ்லதான் பகிரணும்ங்கிற 4.0 வகையைப் போடுங்க. ஃபொன்ட்னா ஓஎஃப்எல்ங்கிற ஃபொன்ட் லைசென்ஸ். ஜிபிஎல்லுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அதோட முழு வாசகமும் யூஎஸ்ஆர்/ஷேர்/காமன்-லைசென்ஸஸ்ல ஏற்கனவே இருக்கு, அங்க பாருங்கன்னு காட்டினா போதும். அங்க இல்லாத லைசென்ஸ்னா முழு வாசகத்தையும் காப்பிரைட் ஃபைலுக்குள்ளயே ஒட்டணும், லிங்க் மட்டும் குடுத்தா ஏத்துக்க மாட்டாங்க.

பழைய டேட்டா பாமினிங்கிற பழைய ஃபொன்ட் முறையில இருந்தா முதல்ல யூனிகோடுக்கு மாத்துங்க, மாத்தினப்புறம் கண்ணால பாருங்க. "கொழுந்து"ங்கிறதுல "கொ" ரெண்டு விதமா சேமிக்கப்பட்டிருக்கலாம், கொம்பு ஒரு குறியாவும் கால் ஒரு குறியாவும், இல்லாட்டி ரெண்டும் சேர்ந்த ஒரே குறியா. கண்ணுக்கு ஒண்ணுதான், ஹன்ஸ்பெல்லுக்கு வேற வேற சொல்லு. என்எஃப்சின்னு ஒரு வடிவத்துக்கு எல்லாத்தையும் மாத்திட்டா பிரச்சனை தீரும். "ஔ" குறிக்குப் பதிலா கொம்பும் "ள"வும் போட்டு அடிச்சிருக்குறதை அது சரி பண்ணாது, அதைத் தனியா தேடி மாத்தணும். இது லைசென்ஸ் விஷயம் இல்லதான், ஆனா டேட்டாவைத் திறந்து வெச்சிருக்குறப்பவே செஞ்சிடுங்க.

இன்னொண்ணும் இதோடயே. சொல் பட்டியல் ஃபைலோட முதல் வரி எத்தனை சொல்லுங்கிற எண்ணிக்கை, அதை விட்டுடாதீங்க. கூட இருக்குற ஆஃப் ஃபைல்ல எழுத்து வகை யூடிஎஃப்-8னு போட்டு, வேற்றுமை விகுதி விதிகளை எழுதணும். அது இல்லாம வெறும் பட்டியலைக் குடுத்தா "கவ்வாத்து" சரின்னு சொல்லும், "கவ்வாத்துக்கு"ன்னு அடிச்சா திரும்பவும் சிவப்புக் கோடு.

5. ஐடிபி பக் போடுங்க

"நான் இதைப் பேக்கேஜ் பண்ணப் போறேன்"னு ஊருக்குச் சொல்றது. ரிப்போர்ட்பக்னு ஒரு கட்டளை இருக்கு, அதுல டபிள்யூஎன்பிபின்னு (புதுப் பேக்கேஜ் வேலைகளுக்கான பக் பட்டியல்) குடுத்தா கேள்வி கேட்டுக் கேட்டு நிரப்பிக்கும்: பேர், வெர்ஷன், எழுதினவர், இணைய முகவரி, லைசென்ஸ், ஒரு வரி விளக்கம். டெபியன்-டெவெலுக்கும் ஒரு காப்பி போகும். அதுக்கு முன்னாடி டபிள்யூஎன்பிபி பட்டியல்ல வேற யாராவது இதே வேலையை எடுத்திருக்காங்களான்னு தேடிடுங்க.

விளக்கத்துல எந்தப் பொது ஃபோல்டர்ல எந்தப் பேருல வைக்கப் போறீங்கன்னு இங்கயே எழுதிடுங்கன்னு நான் சொல்வேன். கட்டாயம் இல்ல. ஆனா ஆட்சேபணை இருந்தா இப்பவே வரும், பேக்கேஜ் கட்டி முடிச்சப்புறம் வந்தா பேரு, பாத், டெஸ்ட் எல்லாம் திரும்ப மாத்தணும்.

கொஞ்ச நேரத்துல பக் நம்பர் மெயில்ல வந்துடும். அந்த நம்பரை எழுதி வெச்சிக்கோங்க, சேஞ்ச்லாக்ல "க்ளோசஸ்"னு போட்டு அந்த நம்பரைப் போடணும். ஒரு எச்சரிக்கை: இந்த மெயில் எல்லாம் பப்ளிக், உங்க ஈமெயில் முகவரி காலத்துக்கும் இணையத்துல இருக்கும், அழிக்கச் சொன்னாலும் அழிக்க மாட்டாங்க. அதுக்குன்னு தனி முகவரி ஒண்ணு வெச்சிக்கிறது புத்திசாலித்தனம்.

6. ஜிபிஜி சாவியும் ஐடென்டிகார்ட்ல இருக்குற பேரும்

பேக்கேஜை அப்லோட் பண்ண டிஜிட்டல் கையெழுத்து வேணும். ஜிபிஜி சாவி போடுறது அஞ்சு நிமிஷ வேலை, காசு கிடையாது. ரத்து பண்ற சான்றிதழை அப்பவே எடுத்து ஒரு பென் ட்ரைவ்ல போட்டு பத்திரமா வைங்க, லயத்துக்காம்பராவுல மழை ஒழுகுற பக்கம் வைக்காதீங்க.

முதல் அப்லோடுக்கு யாரும் உங்க சாவியில கையெழுத்துப் போட்டிருக்கத் தேவையில்ல. ஆனா பின்னாடி டெபியன் மெயின்டெய்னர் (தன் பேக்கேஜைத் தானே அப்லோட் பண்ற உரிமை உள்ளவர்) ஆகணும்னா டெபியன் டெவலப்பர் ஒருத்தரை நேர்ல பார்த்து, ஐடியைக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டி வரும், அதனால சாவியில போடுற பேர் ஐடியில இருக்குற பேரா இருக்கட்டும். நமக்கு இதுல ஒரு தனித் தலைவலி உண்டுன்னு சொல்லவே வேணாம். பிறப்புச் சான்றிதழ்ல ஒரு ஸ்பெல்லிங், ஐடென்டிகார்ட்ல ஒண்ணு, ஸ்கூல் சான்றிதழ்ல இன்னொண்ணு, அப்பா பேர் எங்க வரும்னு எவருக்கும் தெரியாது. பாஸ்போர்ட் இருந்தா அதுல இருக்குற இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கையே எடுத்துக்கோங்க, வெளிநாட்டுக்காரருக்கு அதுதான் வாசிக்க வரும். பாஸ்போர்ட் இல்ல, பேருல திருத்தம் இருக்குன்னா, ஜீஎஸ்கிட்ட (கிராம சேவகர்) போய் முதல்ல அந்த வேலையை முடிச்சிட்டு அப்புறம் சாவி போடுங்க. இதுக்கு ஆகுற நாள்ல பேக்கேஜ் வேலையை நிறுத்தி வைக்க வேணாம், அது பாட்டுக்கு ஓடட்டும்.

7. பேக்கேஜ் கட்டுறதும் அதுக்கு ஆகுற செலவும்

டெபியனுக்கு நீங்க ஒரு சதம் கட்டத் தேவையில்ல. யாராவது "அப்ரூவல் எடுத்துத் தர்றேன் இவ்வளவு ஆகும்"னா நம்பாதீங்க. செலவு எல்லாம் டேட்டாவும் கரண்டும்தான்.

டெபியன் அன்ஸ்டேபிள் (புதுப் பேக்கேஜ் முதல்ல வந்து சேர்ற பகுதி) ஒரு விர்ச்சுவல் மெஷின்லயாவது வேணும், பேக்கேஜ் அதுக்கு எதிராத்தான் கட்டணும், உங்க லேப்டொப்ல இருக்குற பழைய உபுண்டுவுல கட்டி அனுப்பினா லின்டியனே (பேக்கேஜ்ல தப்பு தேடுற கருவி) காறித் துப்பும். இன்ஸ்டால் இமேஜும், எஸ்பில்டுக்கு (பேக்கேஜ் கட்டுற கருவி) சுத்தமான சிஸ்டம் ஒண்ணு இறக்குறதும் சேர்ந்து நல்லாவே எம்பி தின்னும், ராத்திரி டேட்டா இருக்குற பேக்கேஜ் போட்டவங்க அதை ராத்திரிக்கு விட்டுடுங்க. ஆப்ட்-கேஷர்-என்ஜின்னு ஒண்ணு இருக்கு, அதை முதல்லயே போட்டுக்கிட்டா ஒரு தடவை இறக்கினதை வெச்சிருந்து அடுத்த தடவை அதையே குடுக்கும், இதைச் சொல்லித் தர ஆள் இல்லாம நெறைய பேர் ஒரே சாமானைத் திரும்பத் திரும்ப இறக்கிக்கிட்டு இருக்காங்க.

அக்டோபர், நவம்பர்ல மத்தியானத்துக்கு மேல இடி இடிக்குற காலம், பிளக்கை எல்லாம் கழட்டிடுவோம்ல, அந்த நேரத்துல பில்ட் வைக்காதீங்க. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம்னா மே மாசத்துல இருந்து மழை, பதுளைப் பக்கம்னா டிசம்பர்ல இருந்து, கரண்ட் எப்ப போகும் எப்ப வரும்னு சொல்ல முடியாது, அதனால வேலையை அப்பப்ப கிட்ல (மாற்றங்களைச் சேமிச்சு வைக்கிற கருவி) போட்டு வைங்க.

பேக்கேஜ் உள்ள என்ன இருக்கணும்ங்கிறதுக்கு நல்ல வழிகாட்டி டெபியன் தளத்துலயே இருக்கு, திருப்பி எழுதல. டேட்டா மட்டும் இருக்குற பேக்கேஜுக்கு மட்டும் சில விஷயம்: கன்ட்ரோல் ஃபைல்ல ஆர்க்கிடெக்சர் "ஆல்"னு போடணும், "எனி"ன்னு போட்டா ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனியா கட்டி சர்வர் இடத்தை வீணாக்கும், கேள்வி வரும். ரூல்ஸ் ஃபைல் மூணு வரி போதும். எந்த ஃபைல் எந்த ஃபோல்டருக்குப் போகுதுங்கிறதை இன்ஸ்டால்ங்கிற ஃபைல்ல ஒரு வரியில எழுதுங்க, அதுக்குன்னு ஸ்க்ரிப்ட் எழுதாதீங்க. ஃபோல்டர் பெர்மிஷன் 755, ஃபைல் 644, ரெண்டுக்கும் ஓனர் ரூட். எல்லாரும் எழுதட்டும்னு 777 போட்டா அங்கயே கதை முடிஞ்சிடும்.

கட்டினதும் லின்டியன் ஓட்டி எரர், வார்னிங் ரெண்டையும் முழுசா தீர்த்துடுங்க. அடுத்து பியூபார்ட்ஸ், அது இன்ஸ்டால் பண்ணி எடுத்துப் பார்த்து பொது ஃபோல்டர்ல நீங்க ஏதாவது குப்பையை விட்டுட்டுப் போறீங்களான்னு சொல்லும்.

8. ஸ்பான்சர் தேடுறது

புதுசா வர்றவங்களுக்கு நேரா அப்லோட் பண்ண உரிமை இல்ல, டெபியன் டெவலப்பர் ஒருத்தர் உங்களுக்காகப் பார்த்து அப்லோட் பண்ணணும். மென்டர்ஸ் தளத்துல கணக்குத் திறந்து, சாவியோட பப்ளிக் பாதியைக் குடுத்து, டிபுட் கட்டளையால ஏத்துங்க. அப்புறம் ஸ்பான்சர்ஷிப்-ரிக்வெஸ்ட்ஸ்னு இருக்கிறதுல ஆர்எஃப்எஸ் பக் (ஸ்பான்சர் வேணும்னு கேட்குறது) ஒண்ணு போடணும், மாதிரி மெயில் மென்டர்ஸ் தளத்துலயே உங்க பேக்கேஜுக்குன்னு தயாரா இருக்கும்.

இங்க காத்திருக்கணும். வாரமும் ஆகலாம், மாசமும் ஆகலாம், யாரும் சம்பளத்துக்குச் செய்றதில்ல. சும்மா இருக்காம ரெண்டாம் படியில சொன்ன டீம்கிட்ட நேரா போங்க, தமிழ் தெரியாதவர் கூட "பாத் சரியா, பேர் சரியா, லைசென்ஸ் சரியா"ன்னு பார்க்க முடியும், ஃபோல்டருக்குப் பொறுப்பான டீம்ல இருந்து ஒருத்தர் சரின்னா மத்தவங்களுக்குத் தைரியம் வரும். ஓஎஃப்டிசிங்கிற சாட் நெட்வொர்க்ல டெபியன்-மென்டர்ஸ் சாட் ரூம் இருக்கு, நமக்கு ராத்திரி எட்டு ஒன்பது மணின்னா ஐரோப்பாக்காரங்களுக்குப் பின்னேரம், ஆள் இருப்பாங்க. கேள்வியைக் கேட்டுட்டு ரெண்டு நிமிஷத்துல வெளிய போயிடாதீங்க, பதில் ஒரு மணி நேரம் கழிச்சும் வரும்.

அவங்க எழுதுற விதம் நமக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும், "இது தப்பு, அதை எடு, இதை மாத்து"ன்னு வணக்கம் நன்றி எதுவும் இல்லாம வரும். கோபம் இல்ல அது, அங்க வழக்கமே அப்படித்தான். ஒவ்வொரு பாயின்டுக்கும் கீழ "மாத்திட்டேன்", இல்ல "இந்தக் காரணத்தால மாத்தல"ன்னு பதில் எழுதி திரும்ப ஏத்துங்க. நம்ம பழக்கத்துல "சரிங்க சார்"னு மட்டும் எழுதிட்டு விட்டா அவங்களுக்கு நீங்க என்ன செஞ்சீங்கன்னே புரியாது.

9. நியூ கியூ

ஸ்பான்சர் அப்லோட் பண்ணினதும் பேக்கேஜ் நேரா உள்ள போகாது, புதுப் பேருங்கிறதால நியூன்னு ஒரு வரிசையில நிக்கும். எஃப்டிபி டீம்ல (டெபியன் பேக்கேஜ் கிடங்கைப் பார்த்துக்குறவங்க) ஒருத்தர் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து லைசென்ஸ் பார்ப்பாரு, பேரும் பொருந்துதான்னு பார்ப்பாரு. சில நாள்லயும் முடியும், மாசக்கணக்குலயும் இழுக்கும். வரிசையில எது எவ்வளவு நாளா நிக்குதுன்னு எஃப்டிபி மாஸ்டர் பக்கத்துல பார்க்கலாம். அவசரப்படுத்தி மெயில் போடாதீங்க.

ரிஜெக்ட் வந்தா காரணத்தோட வரும், பெரும்பாலும் காப்பிரைட் ஃபைல்ல விட்டுப்போன ஒரு பேரு. திருத்தி ஸ்பான்சர் மூலமா திரும்ப அனுப்பலாம், ஐடிபி நம்பர் அதேதான், புதுசா பக் போடத் தேவையில்ல. ஆனா வரிசையில திரும்ப நிக்கணும், அதுக்குத்தான் நாலாம் படியை அவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

10. உள்ள போனப்புறம்

அக்செப்ட் மெயில் வந்ததும் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. நியூ வழியா போகும்போது கட்டின பைனரியும் சேர்த்து அனுப்பியிருப்பீங்க, அந்த பைனரி டெஸ்டிங்குக்கு (அடுத்த ஸ்டேபிள் தயாராகுற பகுதி) போகாது. டெபியனோட சொந்த சர்வர்ல கட்டினதுதான் போகும். அதனால வெர்ஷனோட கடைசி எண்ணை ஒண்ணு கூட்டி, வெறும் சோர்ஸை மட்டும் இன்னொரு தடவை அப்லோட் பண்ணச் சொல்லி ஸ்பான்சர்கிட்ட கேட்கணும். இதைச் செய்யாம அன்ஸ்டேபிள்லயே மாசக்கணக்கா கிடக்குற பேக்கேஜ் நெறைய.

அதுக்கப்புறம் சாதாரண அர்ஜென்சின்னா 5 நாள்ல, சீரியஸ் பக் எதுவும் இல்லைன்னா, தானா டெஸ்டிங்குக்குப் போயிடும். ஃப்ரீஸ் காலம்னா (ரிலீஸுக்கு முன்னாடி மாற்றத்தை நிறுத்தி வைக்கிறது) போகாது, டெபியன் ஸ்டேபிள் சுமாரா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருது, கடைசியா 2025 ஆகஸ்ட்ல ட்ரிக்ஸி வந்துச்சு, அடுத்ததோட ஃப்ரீஸ் தேதி அறிவிப்பைப் பார்த்து அதுக்கு நல்லா முன்னாடியே எல்லாத்தையும் முடிச்சிடுங்க. உபுண்டு ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் வருது, ஒவ்வொரு தடவையும் ரிலீஸுக்கு ரெண்டு மாசம் முன்னாடி போல டெபியன்ல இருந்து தானா எடுக்குறதை நிறுத்திடுவாங்க. அப்போ ஏப்ரல் உபுண்டுவுல வரணும்னா தைப்பொங்கலுக்குள்ள டெபியன் அன்ஸ்டேபிள்ல இருக்கணும்னு வெச்சிக்கோங்க, அக்டோபருக்குன்னா ஜூலைக்குள்ள.